பை இருந்தால் ஆள் வரும்

அண்ணாச்சி, அந்த நாற்காலி வேண்டாம். அதில் ஆள் இருக்கிறது. அதாவது, வரும். பாருங்க, பை இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, போன் இருக்கிறது, காபி இருக்கிறது. இந்த ஊரில் மேசைமேல் பை இருந்தால் ஆள் வரும் என்று அர்த்தம். உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? நீங்க இப்படி என் பக்கத்தில் உட்காருங்க. உட்காருங்க அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்றா முழிக்கிறீங்க? படியேறி வரும்போதே போனில் யாரையோ, "ஏ மூதி, சொன்னா மண்டைல ஏறாதா?" என்று வைதுகொண்டு வந்தீங்களே. இந்தக் கடையில் காலையிலிருந்து ஒருத்தரும் ஒருத்தரையும் வையவில்லை. 'மூதி' என்று காதில் விழுந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது. நம்ம பக்கம்தானே? சாத்தான்குளமா! நாங்க கோவில்பட்டி. என் பேர் ரோசினி. பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, லீவுக்கு எங்க அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி. நீங்க கொரிய பாஷை வெளுத்து வாங்குறீங்க, ஐஸ் கம்மி என்று இப்போ சண்டை போட்டீங்களே, கேட்டேன். அங்கே நிற்கிறாள் பாருங்க, நெற்றியில் முடியைச் சுருட்டிவிட்ட அம்மா, கடைக்காரி. 'சாஜங்னிம்' என்று மரியாதையாகக் கூப்பிடணுமாம். நான் சாஜங்கம்மா என்பேன். அவளிடம் ஒரு விஷயம் கேட்டுச் சொல்லணும். இப்போ வேண்டாம், வரிசை நிற்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. அவசரம்தான். இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் அக்காவே வந்துவிடுவாள், நீங்களும் உங்க காபியைக் குடிச்ச மாதிரி ஆச்சு.

அக்கா பேர் செண்பகவல்லி. எங்க ஊர் அம்மன் பேர். எனக்கு மட்டும் ஏன் ரோசினி என்று கேட்காதீங்க, நான் பிறக்கும்போது அம்மா சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா இங்கே பெரிய யுனிவர்சிட்டியில் பிஎச்டி. பேட்டரி ஆராய்ச்சி. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை. கடைக்கு யார் வந்தாலும், கால் அளவு கேட்பதற்கு முன்னாடி, "எம்மூத்தவ கொரியாவுல இருக்கா" என்பார். குதிகால் வெடிப்புக்கு ஏத்த செருப்பு கேட்டு வந்த கிழவிக்குக்கூட லித்தியம் தெரியும்.

வந்த அன்றைக்கே அக்கா என்னை இந்த ஏரிக்கரைக் கடைக்குத்தான் கூட்டிவந்தாள். இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் காபிக்கடைதானே. கதவைத் தள்ளினால், "ஓஸோ ஓஸெயோஓஓ!" அந்த 'யோ'வை எப்படி இழுக்கிறார்கள், கேட்டீங்களா? மிஷினைத் தொட்டு ஆர்டர் சொல்லணும். அதற்கு ஒரு குரல், சளி பிடித்த கிளி மாதிரி: "சுமுன் ஹாஷிகெஸ்ஸும்னிக்கா?" அர்த்தம் எல்லாம் தெரியாது. சத்தம் காதில் விழுந்தால் அது வாயில் வந்துவிடும், எனக்கு அது பிறவி வியாதி. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் லீவு விட்டு, ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வெளியில் நின்றவள் நான்.

காசு கட்டினதும் கையில் ஒரு வட்டத் தட்டைக் கொடுத்தார்கள். நான் அதை டீ கிளாசுக்கு அடியில் வைக்கிறது என்று நினைத்தேன். திடீரென்று 'ட்ர்ர்ர்ர்' என்று கைக்குள்ளே நடுங்குகிறது! "எம்மா, கரண்டு!" என்று தூக்கி எறிந்தேன், எதிர்மேசைப் பையன் காலடியில் போய் விழுந்தது. காபி ரெடியாம், அதற்கு அந்த ஆட்டம். அக்கா அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்த மாதிரி இல்லை. நானும் எவ்வளவோ செய்து பார்த்தேன்.

நம்ம ஊரில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் கூடக் கொஞ்சநேரம் இருந்தால், மாஸ்டர் ஈரத்துணியை எடுத்து நம்ம மடியையே துடைக்க வருவார். இங்கே ஒரு கிளாசை வைத்துக்கொண்டு பொழுது சாய்கிறவரை இருக்கலாம். எல்லாரும் லேப்டாப்பைப் பார்த்தபடி, காதில் மூடியைப் போட்டபடி. ஜோடி ஜோடியாய் வருகிறதுகளும் கேக்கை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்காரும். ஒருத்தி லேப்டாப்பைத் திறந்தபடியே போட்டுவிட்டு வெளியே சாப்பிடப் போய்விட்டாள். எனக்குப் பதறுகிறது, போய்க் காவலுக்கு நின்றேன். அக்காதான் சொன்னாள், "வாட்டி இங்க. யாரும் தொட மாட்டாங்க. பை இருந்தா ஆள் வரும்னு எல்லாருக்கும் தெரியும்."

அப்போ சும்மா இருப்பேனா? பாத்ரூம் போன ரெண்டு பையன்களுடைய தொப்பியையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டேன். வந்து பார்த்தான்கள். சண்டை போடுவான்கள் என்று பார்த்தால், அவன் இவனைக் கும்பிட, இவன் அவனைக் கும்பிட, இடுப்பு ஒடிகிறவரை மன்னிப்பு, "சேசோங்ஹம்னிதா, சேசோங்ஹம்னிதா". எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் வாசலைப் பார்க்கிறீங்க? படியில் சத்தம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத்தான் அவள் செருப்புச் சத்தம் தெரியும்.

அக்கா தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி இங்கே வருவாள். "லேபுக்குப் போலியாக்கா?" என்றால், "இங்கதான் வேலை ஓடுது" என்பாள். சரிதானே, இந்த ஊரே அப்படித்தானே இருக்கிறது! ஒரு ஐஸ் அமெரிக்கானோ வாங்குவாள். சீனி கிடையாது, பால் கிடையாது, வேப்பெண்ணெயில் ஐஸ் போட்ட மாதிரி. குடிக்கவும் மாட்டாள். வாங்கினால்தானே உட்காரலாம். அப்புறம் லேப்டாப்பில் ஒரு படம், பச்சைக்கோடு ஒன்று, சிவப்புக்கோடு ஒன்று. வந்த நாளிலிருந்து அதே படம்தான். அவ்வளவு ஆழமாய்ப் படிக்கிறாள் என்று எனக்குப் பெருமையாய் இருக்கும்.

ஒருநாள் அவள் லேபுக்காரக் கூட்டம் இங்கே வந்தது. அதில் மின்ஜி என்று ஒருத்தி, போன வருஷம் வீடியோ காலில் எல்லாம் அக்காவை "ஒன்னி, ஒன்னி" என்று தொங்குவாள். ஒன்னி என்றால் அக்கா, அது எனக்கே தெரியும். அன்றைக்கு அவள் தலையைக் கொஞ்சமாய்ச் சாய்த்து, "செம்பா-ஷி" என்று ஒரு சொல். அவ்வளவுதான், அந்தக் கோடி மேசைக்குப் போய்விட்டார்கள். நான் அப்படியே பேசிக் காட்டினேன், "ஒன்னீஈ"யையும் "செம்பா-ஷி"யையும், மாற்றி மாற்றி. அக்கா லேப்டாப்பை நிமிர்த்தி வைத்து அதற்குப் பின்னால் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளாக்கும் என்று நான் இன்னும் ரெண்டு தடவை சொன்னேன்.

ஏன் அண்ணாச்சி உச்சுக் கொட்டுறீங்க? 'ஷி' என்றால் வெளியாட்களைக் கூப்பிடுகிற மரியாதையா? கூப்பிடுகிற முறை மாறினால் அவ்வளவு பெரிய விஷயமா?

அவளுடைய புரொபசர், ஓ என்று பேர். ஓ என்றால் ஓ-தான். ஒருதடவை அவர் போன் பண்ணினார், ஸ்பீக்கரில் கிடந்தது. "செம்பா-ஷி. யூ ஆர் வெரி குட் பெர்சன். பட்..." அந்த 'பட்'டுக்கு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் "யெஸ் புரொபசர்" என்றாள். வைத்துவிட்டார். நல்ல மனுஷர், நல்ல பெண் என்றுதானே சொன்னார்? நான் அந்தப் 'பட்'டை மட்டும் பிடித்துக்கொண்டேன். அக்கா சோறு பொங்கினால், "குட் ரைஸ். பட்..." துணி மடித்தால், "குட் போல்டிங். பட்..." அவள் ஒருநாள், "போதும் ரோசி" என்றாள். நான் நிறுத்திவிட்டேன். நான் ஒன்றும் அவ்வளவு மோசம் இல்லை.

இனிமேல்தான் எல்லாரும் என்னைக் குறை சொல்லப்போகிற இடம். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

அம்மா போன் பண்ணுவாள். அக்கா எடுக்க மாட்டாள். போன் அதுபாட்டுக்கு மேசையில் அதிரும், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். "எடேன்க்கா." "என்ன சொல்ல?" "நல்லாருக்கேன்னு சொல்லு." "நீ சொல்லு." சொன்னேன். அவள் குரலில். அக்கா குரல் லேசு அண்ணாச்சி, மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், வாக்கியம் முடியும்போது காற்று. "நல்லாருக்கேம்மா... சாப்டேம்மா... வேலை ஓடுது, நீ ஒண்ணும் யோசிக்காத." அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "ஏட்டி, இன்னிக்குத்தான் உன் சத்தம் தெளிவா இருக்கு" என்றாள்! அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அம்மா கேட்கிறதுக்கெல்லாம் நான் பதில். அக்கா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள், ரேடியோ கேட்கிற மாதிரி. ஒரு நாள் சொன்னாள், "அந்தச் செண்பா நல்லா இருக்காள்ல?" "ஆமாக்கா, சூப்பரா இருக்கா" என்றேன்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாச் சித்தி அம்மாவிடம், "ஒங்க மூத்தவ படிச்சு முடிக்கதுக்குள்ள எம்மவ ரெண்டு புள்ள பெத்துட்டா" என்று குத்தியிருக்கிறாள். அம்மா போனில் அழுகிறாள். அக்கா அந்த நேரம் பாத்ரூமில் இருந்தாள். எனக்கு அம்மா அழுதால் தாங்காது. "அழாதம்மா, நான் முடிச்சுட்டேன், டாக்டர் ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படியும் ஆகத்தானே போகிறாள்? கொஞ்சம் முன்னாடி சொன்னேன், அவ்வளவுதானே? அந்தப் பக்கம் அம்மா போட்ட சத்தம் இருக்கிறதே, "எய்யா, இங்க வாங்களேன்! எம்புள்ள டாக்டராயிட்டா!" அந்தச் சத்தத்தை மட்டும் என்னால் பேசிக் காட்ட முடியாது. நானும் முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

அக்காவிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நாள் தள்ளிப் போய்விட்டது.

இன்றைக்குக் காலையில் அப்பா அக்கா போனுக்குப் போட்டோ அனுப்பினார். பிளெக்ஸ் பேனர் அண்ணாச்சி. கடை வாசலை அடைத்து நிற்கிறது. அக்கா தலையை வெட்டி, கறுப்பு அங்கி போட்ட யாரோ ஒரு உடம்பில் ஒட்டி, பின்னாடி கொரியா அரண்மனை. 'கொரியாவை வென்ற கோவில்பட்டியின் தங்கமகள் முனைவர் செண்பகவல்லி'. கீழே சிரித்தபடி மாமா, சித்தப்பா, அப்பாவுடைய சங்கத்துக்காரர்கள் எல்லாரும். 'முனைவர்' மட்டும் தங்கக்கலரில்.

அக்கா விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தாள். நான் மேசைக்கடியில் போய்விடலாமா என்று இருந்தேன். அவள் கோபப்படவே இல்லை! "அங்கி அளவா இருக்கு" என்றாள். "ரோசி, அம்மாட்ட நீ நல்லாப் பேசுத. என்னையவிட நல்லாப் பேசுத" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்தாள். என் தலையில் கையை வைத்து ஒரு தடவு. நேரே கவுண்டருக்குப் போனாள், சாஜங்கம்மாவிடம் குனிந்து என்னமோ சொன்னாள். நம்ம ஊர் ஆட்கள் அம்மன் சந்நிதியில்கூட அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. படியில் இறங்கிப் போய்விட்டாள்.

பாத்ரூம் போயிருக்கிறாள் என்று இருந்தேன். அப்புறம், கடைக்குப் போயிருக்கிறாள் என்று இருந்தேன். அவள் காபியைப் பாருங்க, ஐஸ் ஒன்றுகூட இல்லை, தண்ணீர் மேலே தனியாய் நிற்கிறது. பை இருக்கிறது. பை இருந்தால் ஆள் வரும். அதனால்தான் நான் எங்கேயும் போகவில்லை. நான் எழுந்து போய், அவள் வந்து மேசையில் யாரையும் காணாமல்...

சாஜங்கம்மாவிடம் எதற்குக் கேட்கிறது, அக்கா சொன்னதை நானே சொல்கிறேன். அர்த்தம்தான் தெரியாது, சத்தம் அப்படியே இருக்கிறது. கேளுங்க. அக்கா குரலிலேயே.

"குதோங்ஆன் கம்சாஹெஸ்ஸும்னிதா. தோங்செங் சோம் புத்தாக் தூரியோ."

இந்த ஊர் வந்து முதல் நாள் படிக்கிற வார்த்தை, 'கம்சாஹம்னிதா'. நன்றி. என்னைப் போல மண்டுக்கே தெரியும். இவ்வளவு காலம் இருந்துவிட்டு அக்கா அதைத் தப்பாய்ச் சொல்கிறாள்! நான் இங்கிருந்தே கத்தினேன், "அக்கா, கம்சா-ஹம்-னிதா! கிராமர் மிஸ்டேக்!" என்று. கடையே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை.

என்ன அண்ணாச்சி? இன்னொரு தடவையா? "குதோங்ஆன் கம்சா-ஹெஸ்-ஸும்னிதா." ஆமா, ஹெஸ். நிச்சயமா ஹெஸ்தான், என் காது தப்பாது. ஏன் எழுந்துட்டீங்க? சொல்லிட்டு எழுந்திருங்க.

தப்பு இல்லையா?

'ஹம்' என்றால் இப்போ. 'ஹெஸ்' என்றால் முடிந்துபோனது. "இத்தனை நாளும் செய்ததற்கு நன்றி"யா? அதை யார் சொல்வார்கள்? வேலையை விட்டுப் போகிறவர்களா. ஊரை விட்டுப் போகிறவர்களா. அக்கா எங்கே அண்ணாச்சி போகிறாள்? பாஸ்போர்ட் இந்தப் பையில்தானே இருக்கிறது!

ரெண்டாவதும் சொல்லிவிடுங்க. தோங்செங் என்றால் தங்கச்சி, அது தெரியும். புத்தாக்?

பார்த்துக்கொள்ளுங்கள். "என் தங்கச்சியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்."

சாஜங்கம்மா எனக்குக் கேக் கொண்டுவந்து வைத்தாள் அண்ணாச்சி. கேட்காமலே. ஓசிக்கேக் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு தின்றேன். நான் தின்றேன்.

போய்க் கேளுங்க. வரிசை கிடக்கட்டும், போங்க. என்ன சொல்கிறாள்? ஊருக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்தாளாமா? அவள் ஏன் அழுகிறாள்? ஏப்ரனைக் கழற்றிப்போட்டு எங்கே ஓடுகிறாள்? நீங்க ஏன் ஜன்னல் வழியாய் ஏரியைப் பார்க்கிறீங்க? அதைப் பார்க்காதீங்க. எங்க அக்காவுக்கு பஸ்ஸில் போகத்தான் பிடிக்கும். பஸ் ஸ்டாப்பைப் பாருங்க.

போலீசுக்கா? சரி. சரி, பேசுங்க. செண்பகவல்லி. செ, ண், ப. உயரமா? என்னைவிட இவ்வளவு. என்ன சட்டை போட்டிருந்தாள்?

என்ன சட்டை.

எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். இருங்க. நீலம். இல்லை, நீலம் நேற்று. நேற்றா அது? அவள் காலையில் என்ன பேசினாள் என்று முழுக்கச் சொல்கிறேன், இருமினதுகூடச் சொல்கிறேன். சட்டை... எனக்குத் தெரியலை அண்ணாச்சி. நான் அவளைப் பார்க்கவே இல்லையா?

போன். அவள் போன் அடிக்கிறது! அவளா? அவள் போனுக்கு அவளே எப்படி... அம்மா. அம்மாதான். நான் எடுக்கவா? எடுக்கிறேன். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்க.

"ஏட்டி செண்பா, பேனரப் பாத்தியா? பேச்சியம்மா வாசல்ல நின்னு வாயப் பொளந்து பாக்கா!"

"அம்மா, நான் ரோசினி."

"ஒன் சோலி என்னட்டி இதுல? அக்காட்ட குடு."

"அக்காவக் காணோம்மா."

"கோட்டிக்காரி, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுத? குடு அவகிட்ட."

"அம்மா, சத்தியமா. காலையில போனா, இன்னும் வரல. அக்காவுக்கு மனசு சரியில்லம்மா. ரொம்ப நாளாவே சரியில்ல."

"நேத்துதான் என்கிட்ட அம்புட்டு நேரம் சிரிச்சுப் பேசினா."

"அது நான்மா. இத்தன நாளும் ஒன்கிட்டப் பேசினது பூரா நான்தான். டாக்டர் ஆயிட்டேன்னு சொன்னதும் நான்தான்."

"போட்டி. பத்து மாசம் சுமந்து பெத்தவளுக்கு எம்மவ சத்தம் தெரியாதாக்கும்!"

"அம்மா, கேளு. நல்லாக் கேளு. நான் பேசிக் காட்டுதேன், அப்பவாவது நம்புவியா? 'அம்மா... நான் செண்பா பேசுதேன்மா. நல்லாருக்கேம்மா...' இது நான்மா, ரோசினி! இப்போ..."

"அந்தா! பக்கத்துலயே நிக்கால்ல! ஒரு நிமிஷத்துல எங்குடலையே உருவிட்டாளே அந்தக் கழுத. செண்பா, அவ முதுகுல ரெண்டு வையி. ஏங்க, இங்க வாங்க, டாக்டரம்மா லைன்ல இருக்கா! கண்ணு, சாப்டியாம்மா?"

அண்ணாச்சி, அம்மா சாப்டியான்னு கேக்கா.

லைன்லயே இருக்கா அண்ணாச்சி. அப்பாவும் வந்துட்டாரு. நான் என்ன சொல்ல?